தட்டு வைத்தேன், புறாதான் வந்தது: பெங்களூர் பால்கனிக்கு ஒரு கோளாறு நீக்கும் கையேடு

அல்சூர் ஏரியிலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் வீடு. மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, எதிரே ஒரு சிங்கப்பூர் செர்ரி மரம். ஆறு வருடமாக அந்தப் பால்கனியில் ஒரு தீனித்தட்டும் ஒரு தண்ணீர்ச் சட்டியும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் கேமராவோடு நான்.

இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் தட்டு வைத்த நண்பர்கள் இப்போது வாரம் ஒருமுறையாவது போன் செய்கிறார்கள். டாக்டரிடம் சொல்வது போலத்தான் சொல்வார்கள்: "புறா மட்டும்தான் வருது", "படமெல்லாம் கருப்பா இருக்கு", "மூணு நாளா ஒண்ணையும் காணோம்". அதனால் இதையும் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கோளாறு எதுவோ நேராக அங்கே போய்ப் படியுங்கள்.

போவதற்கு முன் ஒன்று. எதையும் வாங்கும் முன் தட்டை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், அல்லது நாலு நாள் எடுத்து உள்ளே வையுங்கள். என் அனுபவத்தில் பாதிக் கோளாறு இந்த இரண்டிலேயே சரியாகிவிடும். இதில் காசு செலவில்லை என்பதால் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

தட்டு வைத்து இரண்டு வாரம் ஆச்சு, ஒரு குருவி கூட எட்டிப் பார்க்கவில்லை

முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். தீனியைச் சந்தேகப்படும் பறவை கூடத் தண்ணீருக்கு இறங்கிவிடும், அதுவும் மார்ச் முதல் மே வரை. அகலமான மண்சட்டி போதும். ஆழம் இரண்டு விரல்கடைக்கு மேல் வேண்டாம். வழவழப்பான பிளாஸ்டிக் பேசினில் கால் வழுக்கும், அதில் இறங்கத் தயங்கும். சட்டியின் நடுவில் ஒரு கருங்கல்லை வைத்தால் அதன் மேல் உட்கார்ந்து குடிக்கும்.

தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துப் புதிதாக ஊற்றுங்கள். கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறந்து போக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினம் மாற்றுகிற சட்டியில் அதற்கு வழியே இல்லை. 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர விட்டால் அபராதம் என்று சொன்னபோது எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் முதலில் வந்து நின்றது என் பால்கனியில்தான். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன், போய்விட்டார்கள்.

அடுத்தது மறைவு. வெட்டவெளியில், பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வைத்தால் வராது. இரண்டு மூன்று மீட்டருக்குள் ஒரு செடியோ கிளையோ இருக்க வேண்டும். பறவை முதலில் அங்கே உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தட்டுக்கு வரும். மாடி வீட்டில் இரண்டு பெரிய தொட்டிச் செடிகள் இருந்தால் போதும்.

மூன்றாவது நீங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து "வந்துச்சா?" என்று எட்டிப் பார்க்கிறீர்களே, அதுதான். திரையை இழுத்துவிட்டு உள்ளே இருங்கள். தட்டுக்குப் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டி இருந்தால் அதன் காற்றும் இரைச்சலுமே விரட்டிவிடும். தட்டை மறு ஓரத்துக்கு மாற்றுங்கள்.

காக்கை மட்டும் வருகிறது, மற்றது அஞ்சுகிறது என்றால் காக்கைக்குத் தனி இடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு கைப்பிடி சோறு வைப்பார். முன்பெல்லாம் என் தட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பார், சின்னான்கள் (புல்புல்) கிட்டேயே வராது. இப்போது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கிறார். மூன்றே நாளில் காக்கைகள் மாடிக்குப் போய்விட்டன. அதில் ஒன்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். "அப்படியே உங்க தாத்தா மாதிரி முழிக்குது பாருடா" என்பார் அம்மா. சோற்றில் உப்பு வேண்டாம், அவ்வளவுதான்.

புறா மட்டும்தான் வருகிறது

பெங்களூரில் தட்டு வைத்த எவருக்கும் இந்தக் கட்டம் தப்பாது. ஒரு திங்கட்கிழமை இரண்டு வரும். வியாழக்கிழமை பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை பால்கனி அவற்றுடையது.

காரணம் தானியம்தான். மாடப்புறா தானியம் தின்னும் பறவை. அரிசி, கம்பு, கோதுமை, சோளம் எதைத் தட்டில் கொட்டினாலும் அதற்கு அழைப்பு வைத்தது மாதிரி. சந்தையில் "பறவைத் தீனி" என்று விற்கும் கலவையில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஆகவே முதல் மருந்து: தானியத்தை நிறுத்துங்கள். பழம் வையுங்கள். வாழைப்பழம், பப்பாளி, கொய்யா, சப்போட்டா. புறா அவற்றைப் பெரிதாகச் சீண்டாது. சின்னான், குக்குறுவான், குயில், மைனா எல்லாம் பழத்துக்கு வரும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மாலையில் அடிபட்ட பப்பாளி பாதி விலைக்குக் கிடைக்கும். கறுத்த இடத்தை வெட்டிவிட்டால் பறவைக்கு அதுவே விருந்து.

தானியத்தை நிறுத்தியதும் புறா உடனே போய்விடாது. ஒரு வாரம், பத்து நாள் வந்து வந்து வெறும் தட்டைப் பார்த்துவிட்டு, நம்மையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பத்து நாளில் மனம் இளகி ஒரு பிடி அரிசி போட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நான் இரண்டு முறை இளகியிருக்கிறேன்.

சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் (முனியா) தானியம் வைத்தே ஆகவேண்டும் என்றால் நம் ஊர்ப் பழைய வழி இருக்கிறது: நெற்கதிர்க் குஞ்சம். முன்பு வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கட்டித் தொங்கவிடுவார்களே, அதேதான். காற்றில் ஆடும் கதிரைப் பிடித்துத் தொங்கித் தின்ன பதினைந்து கிராம் சில்லையால் முடியும், முந்நூறு கிராம் புறாவால் முடியாது. அதற்கு நிற்கத் தட்டையான இடம் வேண்டும். பொங்கல் சமயத்தில் மார்க்கெட்டில் கதிர்க்கட்டு கண்ணில் பட்டால் நாலைந்து வாங்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்வேன். கதிர் கிடைக்காவிட்டால் தட்டைச் சுற்றி நாலு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையைக் கூண்டு போல வளைத்துவிடுங்கள். சின்னது நுழையும், பெரியது நுழையாது.

புறா விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வருகிறது. நாள்பட்டால் அது தழும்பாகிவிடும், மீளாது. 2025இல் மும்பையில் கபூதர்கானாக்களை, அதாவது புறாவுக்குத் தீனி போடும் பொது இடங்களை, மூடியதையொட்டிப் பெரிய சண்டையே நடந்தது. எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் தானியத் தட்டே வேண்டாம்.

அணில் ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை

நம் மூன்று வரி அணிலை ஜெயிக்க முயன்று தோற்றவர்கள் நிறையப் பேர். மீன்பிடி நரம்பில் தொங்கவிட்டால் நரம்பில் இறங்கும். பிளாஸ்டிக் ஃபீடராக இருந்தால் துளையைக் கடித்துப் பெரிதாக்கும். மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். பாலூட்டிகளுக்கு எரியும், பறவைக்குக் காரம் உறைக்காது என்பது உண்மைதான். கிளி பச்சைமிளகாயைக் கொறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மூன்றாவது மாடிக் காற்றில் அந்தத் தூள் பறந்து சின்னானின் கண்ணிலும் விழும், உங்கள் கண்ணிலும் விழும். வேண்டாம்.

நான் சண்டையை விட்டுவிட்டேன். பால்கனியின் மறுகோடியில் அதற்கு ஒரு கொட்டாங்கச்சி, அதில் ஏழெட்டுப் பச்சை வேர்க்கடலை. வறுத்தது, உப்பிட்டது கூடாது. பூஞ்சை மணம் வந்த கடலையும் கூடாது, அதில் நஞ்சு சேரும். கொட்டாங்கச்சி காலியாகும்வரை பறவைத் தட்டுக்கு நிம்மதி.

அணிலால் ஒரு லாபமும் உண்டு. வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் "கீச், கீச், கீச்" என்று நிறுத்தாமல் கத்தினால் கேமராவை எடுத்துக்கொண்டு அது பார்க்கும் திசையைப் பாருங்கள். பூனையாக இருக்கும், இல்லையென்றால் வல்லூறு. என்னிடம் இருக்கும் ஒரே நல்ல வல்லூறு படம் அணில் காட்டிக்கொடுத்தது.

எறும்பு

பாட்டி சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அதேதான். தட்டு காலில் நிற்கிறது என்றால் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தொங்குகிறது என்றால் கம்பியின் நடுவே ஒரு மூடியைக் கோத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பியில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் அதைக் கோதி எடுக்க முடியாது.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், சீந்தவில்லை

இணையத்தில் விற்கும் அந்தச் சிவப்பு புட்டி அமெரிக்காவின் ஓசனிச்சிட்டுக்காக (ஹம்மிங்பேர்ட்) செய்தது. அது அந்தரத்தில் நின்று குடிக்கும். நம் தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்து குடிக்கும் ஜாதி; உட்காரக் குச்சி இல்லாத புட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வைத்தே தீருவேன் என்றால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். தேன், வெல்லம், கலர்ப்பொடி எதுவும் கூடாது. வெயில் காலத்தில் தினம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும்.

என்னைக் கேட்டால் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தொட்டியில் ஹமேலியா வையுங்கள். லால்பாக் நர்சரிகளில் கிடைக்கும். செம்பருத்தி, இட்லிப்பூவும் ஆகும். பூவில் தேனும் உண்டு, அதைத் தேடி வரும் பூச்சியும் சிலந்தியும் உண்டு. தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது அவற்றைத்தான்.

குரங்குக் கூட்டம் வந்துவிட்டது

தட்டு, சட்டி, பழக்கூடை எல்லாவற்றையும் உடனே உள்ளே எடுங்கள். இரண்டு வாரம் வெளியே எதுவும் வேண்டாம். குரங்கின் கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள், அதன் பாஷையில் அது மிரட்டல். கையால் தீனி கொடுப்பது கூடவே கூடாது. மல்லேஸ்வரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரே ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதன் பிறகு ஆறு மாதம் அவர் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்

இதைப் பறவைக் கோளாறாக யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் தட்டுகள் நிரந்தரமாக மூடப்படுவதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் கீழ்வீட்டு ஆன்ட்டி ஒருநாள் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைப் பெட்ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். அதில் தினை உமி, இரண்டு பப்பாளி விதை, ஒரு எச்சம். "ஏன் சார் இது?" என்றார். நம் "ஏன்" அல்ல, கன்னட "ஏன்". "என்ன" என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு இரண்டு அர்த்தத்துக்கும் என்னிடம் பதில் இல்லை.

சரிசெய்தது இப்படி. தட்டைக் கம்பிக்கு வெளியே தொங்கவிடாமல் ஒரு முழம் உள்ளே இழுத்தேன். அதற்குக் கீழே ஒரு பழைய பிளாஸ்டிக் முறம், சிந்துவதெல்லாம் அதில் விழும். காலை ஆறரை முதல் ஒன்பது வரைதான் தீனி. ஆன்ட்டி துணி காயப்போடுவது ஒன்பதரைக்கு. மாலைக்கு மேல் தட்டில் எதுவும் இருக்காது. இருந்தால் ராத்திரி பெருச்சாளி வரும், பழந்தின்னி வௌவால் வரும், பழைய வீடுகள் இருக்கும் தெருவென்றால் மரநாய் கூட வரும். இப்போது ஆன்ட்டியே போன் செய்து, "உங்க பச்சைப் பறவை எங்க முருங்கையில உட்கார்ந்திருக்கு" என்கிறார். வெண்கன்னக் குக்குறுவானைச் சொல்கிறார்.

கண்ணாடியில் வந்து மோதுகிறது

கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் பறவை நிஜம் என்று நம்புகிறது. தட்டின் இடம் இங்கே உயிர் விஷயம். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அவ்வளவு கிட்டே கிளம்பும் பறவைக்கு வேகம் எடுக்க இடம் இருக்காது. முடியாவிட்டால் பத்து மீட்டர் தள்ளி. நடுவே மூன்று நாலு மீட்டரில் வைப்பதுதான் ஆபத்து. அதுதான் படமெடுக்க வசதியான தூரமும், என்ன செய்ய?

பருந்து உருவ ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டுவதில் பயனில்லை. அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வேண்டும். நான் முதலில் ஒட்டியது அம்மாவின் பெரிய ஸ்டிக்கர் பொட்டுகளை, கோலப்புள்ளி மாதிரி வரிசையாக. இருண்ட கண்ணாடியில் அரக்குநிறம் எடுபடவில்லை. பிறகு வெள்ளைச் சோப்புக் கட்டியால் நெருக்கமாகக் கோடு போட்டேன். மழை பெய்தால் அழியும், மறுபடி போட வேண்டும். ஆனால் வேலை செய்கிறது.

பொட்டு ஒட்டியதற்குக் காரணம் ஓர் ஆறுமணிக்குருவி. அக்டோபர் மாதம், விடியற்காலை. பால்கனியில் "தொப்" என்று சத்தம். போய்ப் பார்த்தால் துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே ஒரு கைப்பிடி அளவு பறவை, கண் பாதி மூடி, அலகு திறந்து. பச்சை முதுகு, கண் மேல் தடித்த கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு, தொங்கிய சிறகின் ஓரத்தில் ஒரு நீலத்துண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவோடு இரவாகப் பறந்து வரும் பறவை அது. அத்தனை மலையும் ஆறும் தாண்டி வந்தது எங்கள் கதவில் மோதிக் கிடந்தது.

அம்மா ஸ்பூனில் தண்ணீர் கொண்டுவந்தார். கூடாது. மயங்கிய பறவையின் வாயில் ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். செருப்பு டப்பா ஒன்றில் நாலு ஓட்டை போட்டு, உள்ளே துண்டை மடித்து விரித்து, பறவையை நிமிர்த்தி உட்கார வைத்து மூடினேன். இருட்டான, சத்தமில்லாத அறை. திறந்து திறந்து பார்க்கக் கூடாது. படம் எடுக்கவும் கூடாது. நானும் எடுக்கவில்லை, இன்றுவரை ஆறுமணிக்குருவி படம் என்னிடம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து டப்பாவுக்குள் பிறாண்டும் சத்தம். கீழே தோட்டத்தில் செடி ஓரமாக மூடியைத் திறந்தேன். இரண்டு தத்தல், குரோட்டன்ஸ் புதருக்குள் போய்விட்டது.

இரண்டு மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, சிறகு தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ வைத்திருக்காதீர்கள். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவுயிர் மருத்துவமனை இருக்கிறது. டப்பாவோடு கொண்டுபோகலாம்.

நேற்றுவரை வந்தவை இன்று காணோம்

பயப்படாமல் வரிசையாகப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் ஆலோ அத்தியோ பழுத்திருக்கிறதா? உங்கள் வாழைப்பழம் அதற்கு முன்னால் எம்மாத்திரம். மழை பெய்து ஈசல் கிளம்பியிருக்கிறதா? ஒரு வல்லூறு அந்த மரத்தைச் சுற்றுகிறதா? அப்படியென்றால் இரண்டு நாள் தீனி வைக்காதீர்கள். தட்டு அதற்குச் சாப்பாட்டு மேசை ஆகிவிடக் கூடாது. தட்டில் பழம் புளித்து வாடை அடிக்கிறதா?

மாதத்தையும் பாருங்கள். மாங்குயில், சூறைக்குருவி போன்ற குளிர்கால விருந்தாளிகள் செப்டம்பருக்குப் பின் வந்து ஏப்ரல் வாக்கில் போய்விடும். அது கோளாறில்லை. எது எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த வருடம் இந்தக் கவலை வராது. பறவை பார்ப்பவர்கள் பட்டியல் போடும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் இன்னும் நல்லது. பிப்ரவரியில் நாலு நாள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்குப் பால்கனிப் பட்டியலும் செல்லும்.

இறகை உப்பிக்கொண்டு, கண் மூடி, விரட்டினாலும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது

நோய். கண்ணைச் சுற்றி மரு மாதிரிக் கட்டி இருந்தாலும், கழுத்து திருகிக்கொண்டிருந்தாலும் அப்படியே. தட்டையும் சட்டியையும் இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். ஒரே தட்டில் ஐம்பது அலகு படும்போது ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். நோய் இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

கிளி பழகிவிட்டது, கூண்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இனி கேமரா.

பறவை கருப்பு நிழலாக விழுகிறது, வானம் மட்டும் வெள்ளையாக

வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுக்கிறீர்கள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்று, ஒன்றரை ஏற்றினால் தாற்காலிகமாகத் தீரும். தட்டை நகர்த்துவதுதான் நிரந்தரத் தீர்வு. கிழக்குப் பால்கனியில் காலை வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும்; தட்டை வடக்கு அல்லது தெற்கு ஓரத்துக்கு மாற்றினால் வெளிச்சம் பறவையின் பக்கவாட்டில் விழும். வடக்குப் பால்கனிக்காரர்களுக்கு ஒரு தகவல்: பெங்களூரில் நிழலில்லா நாள் (உச்சி நேரச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும் நாள்) ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறை வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி நேரச் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கும். மற்ற மாதங்களில் நிழலில் கிடக்கும் பால்கனிக்கு உச்சி வெயில் எட்டிப் பார்ப்பது அப்போதுதான்.

கேமரா புறா வலையை ஃபோகஸ் செய்கிறது, பறவையை விட்டுவிடுகிறது

லென்ஸின் வாயை வலையோடு ஒட்டி வையுங்கள், அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) முழுக்கத் திறந்துவிடுங்கள். கிட்டே இருக்கும் நைலான் நூல் கரைந்து மறைந்துவிடும். ஓரடி தள்ளி நின்றால்தான் அது தெரியும். கண்ணாடி வழியாக எடுப்பதற்கும் இதே வழி. கூடவே அறை விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்னானின் வயிற்றில் உங்கள் முகம் தெரியும். வலையில் கிழிசல் இருந்தால் இன்றே தையுங்கள். உள்ளே நுழைந்த குருவிக்கு வெளியே போகும் வழி தெரியாது.

பறவை மிகக் கிட்டே வந்ததும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறினால் அது பழுதில்லை. பெரிய ஜூம் லென்ஸ்களுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் தூரம் வேண்டும். நாற்காலியைப் பின்னால் இழுங்கள்.

எல்லாம் கலங்கலாக இருக்கிறது

உட்கார்ந்திருக்கும் சின்னானுக்கு 1/320 விநாடி ஷட்டர் வேகம் போதும். துறுதுறுவென்று தாவும் தையல்சிட்டுக்கு 1/1000. கிளம்பும் சிறகை நிறுத்த 1/2500. ஜூலை, ஆகஸ்ட் மூட்டத்தில் இந்த வேகத்துக்குக் கேமராவின் ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ 3200, 6400 போகும். போகட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது. ஃபிளாஷ் வேண்டாம்.

செல்போன் மட்டும் வைத்திருப்பவர்கள் டிஜிட்டல் ஜூமை மறந்துவிடுங்கள். போனைச் சின்ன முக்காலியில் தட்டுக்கு ஒரு முழ தூரத்தில் நிறுத்தி, கிளிக் சத்தத்தை அணைத்து, புளூடூத் பொத்தானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். முதல் நாள் பறவைகள் சந்தேகப்படும். மூன்றாம் நாள் போன் மேலேயே உட்காரும்.

படத்தில் பறவையைவிடத் தட்டுதான் பெரிதாகத் தெரிகிறது

தட்டைப் படமெடுக்காதீர்கள், குச்சியைப் படமெடுங்கள். தட்டுக்கு அரை மீட்டர் முன்னால், பட்டை உரிந்த ஒரு முருங்கைக் கிளையைத் தொட்டியில் நட்டு வையுங்கள். வருகிற பறவை முதலில் அங்கேதான் உட்காரும். ஃபோகஸை அந்தக் கிளையில் முன்பே வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். கிளைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் இல்லையோ அவ்வளவுக்குப் பின்னணி மெத்தென்று வரும். எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா மட்டும் எதிலும் மறையாது. நாற்காலியை ஒரு சாண் நகர்த்த வேண்டும்.

தேன்சிட்டு நேரில் ஊதா, படத்தில் கரிக்கட்டை

ஒரு வருடம் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். லென்ஸில் தப்பில்லை. ஆண் ஊதாத் தேன்சிட்டின் பளபளப்பு சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவதும் இப்படித்தான். கோணம் தவறினால் கறுப்புதான். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும்போதுதான் அது ஒளியை உங்கள் பக்கம் திருப்பிவிடும்.

அதனால் ஹமேலியாத் தொட்டியைக் கைப்பிடியிலிருந்து எடுத்து உள்சுவர் ஓரமாக வைத்துவிட்டு, நான் கைப்பிடிப் பக்கம் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காலை ஏழே கால். ஆண் வந்து பூங்காம்பில் தலைகீழாகத் தொங்கியது. கறுப்பு. தலையைத் திருப்பியது, தொண்டை முழுக்க நீலம். இன்னும் கொஞ்சம் திருப்பியதும் நீலம் ஊதாவாகித் தோளில் வழிந்தது. மறுபடி கறுப்பு. எல்லாம் ஒரு விநாடிக்குள். தொடர்ச்சியாக நாற்பது படம் எடுத்தால் மூன்றில் நிறம் இருக்கும், அந்த மூன்றில் ஒன்றில் கண் திறந்திருக்கும்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அதே ஆண் தன் ஊதாவை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போல மங்கிய மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சமிருக்கும். அப்போது எனக்கு வரும் போன்: "புதுசா ஒரு குருவி வருது, டை கட்டியிருக்கு, என்ன அது?"